நாலாவது முடிச்சு

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையைக் காலை எட்டு மணிக்குத் திறந்த ஆசிரியை, வழக்கம்போல் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். மருந்து நெடி கண்ணைக் கரித்தது. பிணத்துக்குப் பயப்படுகிறவள் அல்ல அவள். உயிரோடு நடமாடுகிறவர்கள் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகம்.

மூன்றாம் மேஜையில் நடுத்தர வயதுப் பெண். யாரும் கேட்டு வராத உடல். தாளில் ‘மாரடைப்பு’ என்றிருந்தது. வலது விலாவுக்குக் கீழே பிரிக்காத தையல். அறுவை செய்தவர் பெயர் எழுதவேண்டிய இடம் காலி. அது அவளை உறுத்தியது.

மறுநாள் மாணவர்களுக்கு வயிற்றின் ரத்தப் பாதைகளைக் காட்ட வேண்டும். தமனிகளில் சிவப்புச் சாயம் ஏற்றியாகிவிட்டது. பெருந்தமனியிலிருந்து மூன்று கிளைகள். மேல்கிளை இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். நடுக்கிளை பெரும்பாலும் சிறுகுடலுக்கு. கீழ்க்கிளை பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு. புத்தகம் அப்படித்தான் சொல்லும். உடம்பு புத்தகத்தைப் படித்துவிட்டா பிறக்கிறது?

மதியம்வரை மேல்கிளையைச் சுத்தம் செய்தாள். ஈரத்துணியால் மூடி, கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது துணி நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

நடுக்கிளையில் கொழுப்பின் பிசிறுகூட இல்லை. யாரோ நகத்தால் பொறுமையாகச் சுரண்டி எடுத்ததுபோல் இருந்தது.

காவலாளியைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். எல்லாரும் அவரைச் ‘சாவி’ என்றே கூப்பிடுவார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கடுகடுப்பாகக் கேட்டாள்.

“நான் எப்படிம்மா உள்ள போவேன்? என் சாவியையும் நேத்தே வாங்கிட்டீங்களே.”

கைப்பையைத் துழாவினாள். இரண்டு சாவிகளும் இருந்தன.

காவலாளி குரலைத் தாழ்த்தினார். “அந்த மூணாம் மேஜைய சீக்கிரம் முடிச்சிடுங்க. அதுமேல துணி நிக்க மாட்டேங்குது.”

அவள் திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தாள். நடுக்கிளையிலிருந்து ஒரு தமனி மேலேறிக் கல்லீரலின் வலப்பக்கத்துக்குப் போயிருந்தது. சிலருக்கு இப்படி உண்டு. ஆனால் பாதி வழிக்கு மேல் சாயமே ஏறவில்லை.

நடுவில் ஒரு கறுப்பு நூல்.

பித்தப்பையை அகற்றும்போது, அதற்குப் போகிற தமனி என்று நினைத்து எவரோ இதைக் கட்டியிருக்கிறார். கல்லீரலின் பாதிக்குத் தமனி ரத்தம் நின்றுபோயிருக்கிறது. மாரடைப்பாம், மண்ணாங்கட்டி.

முடிச்சுகளை எண்ணினாள். நாலு. எல்லாரும் மூன்றோடு நிறுத்துவார்கள். நாலு போட்டு நூலின் வாலை நீளமாக விடுகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். கல்யாணமான புதிதில் நாற்காலிக் காலில் நூலைக் கட்டி அவளுக்குப் பழக்கியவர். அவள் மூன்றோடு நிறுத்தி வாலை ஒட்ட நறுக்குவதைப் பார்த்து, ‘சரியான கஞ்சம்’ என்று சிரித்தவர்.

அறுவை மருத்துவரான கணவரைப் போனில் கூப்பிட்டாள். மூன்றாம் மேஜை அவருடைய கேஸா என்று கேட்டாள்.



“நூலைப் பாத்துட்டியா?” என்றார். அவள் நூலைப் பற்றிச் சொல்லவே இல்லை. “நீ பாத்ததோட இருக்கட்டும். பசங்க பாக்க வேண்டாம்.”

அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஒரு வார்த்தை வெளியே போனால் அவர் வேலை போகும், வீடு நாறும். மறைத்தால் இந்தப் பெண் மாரடைப்பில் செத்தவளாகவே மண்ணுக்குப் போவாள். மேஜையைப் பார்க்காமல் கத்தரியை எடுத்தாள். நூல் இருந்த தமனித் துண்டை வெட்டியெடுத்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். சுத்தம் செய்யும்போது கத்தி வழுக்கிவிட்டது என்று மாணவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

மறுபடியும் துணியால் மூடி, கதவைப் பூட்டி, இரண்டு சாவிகளோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவள் பூட்டைத் திறக்கும்போதே மாணவர்கள் பின்னால் வந்துவிட்டார்கள்.

துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

முன்னால் நின்ற மாணவி குனிந்து பார்த்தாள். “மேடம், இத யாரு கட்டினது?”

வெட்டிய இரண்டு முனைகளும் கறுப்பு நூலால் இழுத்துச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மூன்று முடிச்சு. வால் ஒட்ட நறுக்கியிருந்தது.

தொட்டுப் பார்க்க ஆசிரியை கையுறையை மாட்டினாள். உள்ளே அவளுடைய ஆள்காட்டி விரல் எரிந்தது. கழற்றிப் பார்த்தாள். நூலை இறுக்கி இழுத்த தடம், இப்போதுதான் பதிந்ததுபோல், சிவந்திருந்தது.