ஆள் மாறிக் கொட்டிய கண்ணீர்

மழை என்றால் சாதாரண மழையா அது! மாசாய் சமூக மண்டபத்து வாசலை மிதிப்பதற்குள் தர்மினி தொப்பலாக நனைந்துவிட்டாள். சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் மனம்விட்டுப் பேசும் கூட்டம்... இன்றுதான் முதன்முதலாக வருகிறாள். உள்ளே ஒரே ஒருவன் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் ஏதோ அட்டைகள். நிமிர்ந்தான். அப்பா, என்ன கண்கள்! ஆலோசகர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

"சார்... கொஞ்சம் பேசலாமா?"

"உக்காருங்க."

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. மகள் விசாலிக்கு ஏழு வயது, ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் நான்கு வருடம். யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள்.

"சில நாள் அவள விட்டுட்டு எங்கயாவது ஓடிடலாம்னு தோணுது சார். நானெல்லாம் ஒரு தாயா?"

அவன் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தான். அப்போது குடையை உதறியபடி ஒரு பெண்மணி நுழைந்தார்.

"மன்னிச்சிருங்க, ஜாம்ல மாட்டிக்கிட்டேன். நான்தான் ஆலோசகர் செல்வராணி. லோகேஸ்வரன், நாற்காலி போட்டாச்சா?"

"ஐயோ, அலமாக்!" தர்மினி அவன் கழுத்து அட்டையைப் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் படம், பிஸ்கட் படம், கழிப்பறைப் படம்! "அப்ப இது?"

"என் மக சாந்தினிக்கு. அவளுக்கும் பேச்சு இல்ல, வேணும்கிறத தொட்டுக் காட்டுவா. கழட்டினா எனக்கு அடிதான்... மாட்டிக்கிட்டே பழகிருச்சு."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க மூச்சே விடலையே... எப்பலா சொல்றது?"

கோபத்தில் முகம் சிவக்க மழையிலேயே வெளியேறினாள். மூன்று வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கண்கள் மட்டும் விட்டால்தானே...

நான்காம் வாரம் பேரங்காடியில் விசாலி தரையில் புரண்டு அலறினாள். சுற்றிலும் கூட்டம். தர்மினி அவள் தலைக்கடியில் தன் பையை வைத்தாள். திடீரென்று ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்து நின்றது. அதற்குள் ஒரு சிறுமி சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். லோகேஸ்வரன் தன் முதுகைத் திரையாக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

"இங்க ஷோ ஒண்ணும் இல்லங்க. கவுண்டர் அந்தப் பக்கம்!"

கூட்டம் கலைந்தது. விசாலி அடங்கும்வரை அவன் திரும்பியே பார்க்கவில்லை. அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது தர்மினிக்கு.

வெளியே மறுபடி மழை. கூரைக்கடியில் நால்வரும் ஒதுங்கினார்கள்.

"ஏன் வரல?"

"எப்படி வர்றது? மகள விட்டுட்டு ஓட நெனச்சவள்னு உங்களுக்குத் தெரியும். உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

அவன் சாந்தினியின் வண்டியைச் சாரல் படாமல் உள்ளே இழுத்தான்.

"நீங்க நெனச்சதோட சரி. நான் ஓடியே போனேன். என் வைஃப் இறந்த வருஷம்... சாந்தினிய அக்கா வீட்டுல விட்டுட்டு மெர்சிங் படகுத்துறைக்குப் போனேன். தீவுக்கு டிக்கெட் வாங்கிட்டேன். படகும் வந்துச்சு. ஏற முடியல, திரும்பிட்டேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவளுக்குக் கண் நிறைந்தது.

"என்கிட்ட மட்டும் ஏன்?"

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. மூணு வாரமா வாசலையே பாத்துக்கிட்டு நாற்காலி போடுறேன்."

"எனக்கும்தான்..." சொல்லிவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா ஒண்ணு. மறுபடி ஓடணும்னு தோணிச்சுன்னா..."

"தோணிச்சுன்னா?"

"நாலு டிக்கெட்டா வாங்குங்க."