இலைப் போர்வை

குழந்தையின் தலைமுடி ஈரமாக இருந்தது. காலையிலிருந்து அடைமழைதான், ஆனால் குழந்தை வாசல் தாண்டவே இல்லை. உச்சந்தலையில் மட்டும் யாரோ மூச்சை இழுத்து இழுத்து மோந்து பார்த்ததுபோல் முடி சுழன்று ஒட்டிக்கிடந்தது. கசக்கிய இலையின் வாடை வேறு.

"தண்ணியில விளையாடினியாடி?"

"இல்லம்மா. ஜன்னல் என்னை மோந்து பாத்துச்சு."

நாலு வயசு வாய்க்குக் கேட்கவா வேண்டும்! அம்மா சிரித்துக்கொண்டே துவட்டிவிட்டாள். குழந்தை புதுச் செருப்பை 'பீ பீ' என்று மிதித்துக்கொண்டு ஓடியது. அந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டேன் என்று ஒரே அடம்.

ஆய்வகக் கூரை ஒழுகியதால் அம்மாவின் வேலை வீட்டுக்கு வந்திருந்தது. ஈரம் ஏறாத அறை குழந்தையுடையது ஒன்றுதான். அங்கேதான் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த ஆதி யானைக்குட்டி ஒன்றின் தாடையைக் காயவைத்திருந்தாள். நான்கு தந்தம் முளைக்கும் இனம், இன்றைய யானைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை, பூண்டோடு அழிந்து எத்தனையோ யுகமாயிற்று. பல்லில் படிந்த கறையைச் சுரண்டி, அது என்ன தின்றது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. குழந்தைக்கோ அது 'பாப்பா'. பொம்மைப் போர்வை போர்த்தித் தன் தலையணையிலேயே படுக்கவைத்திருந்தது.

"அடிப்பாவி, இது என் வேலைடி!"

தாடையை எடுத்து, வழக்கம்போல் நாக்கு நுனியால் தொட்டாள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். புதைந்த எலும்பு நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது. நேற்றுவரை ஒட்டியது. இன்று ஒட்டவில்லை. ஈரமாய், கண்ணீர்போல் கரித்தது.

சட்டென்று கீழே வைத்தாள். அந்நேரம் பார்த்து ஆய்வக நண்பரின் போன்.

"நீ அனுப்புன கறையைப் பாத்தேம்மா. இலை, மரப்பட்டை, கொஞ்சம் புல்லு. தாயோட சாணியும் இருக்கு. குட்டிங்க அதைத் தின்னாத்தான் தழை செரிக்கும்."

"உவ்வே! சும்மா இருங்கண்ணா."

"தாய் கூடவே இருந்திருக்கும்மா. எலும்பு மேல தழை அடுக்கடுக்கா கிடந்துச்சே, அது தானா விழுந்ததில்ல. யானைங்க அப்படித்தான், செத்ததை மூடிட்டு, உயிரோட இருக்கறதைக் கூட்டிக்கிட்டுப் போயிடும். நாமதான் மூடுனதைத் தோண்டிட்டோம்."

பேச்சு முடியுமுன் மின்சாரம் போனது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் மேசைமேல் இருந்த டம்ளர்த் தண்ணீர் நடுங்கியது. சத்தம் என்று எதுவும் காதில் விழவில்லை, ஆனால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கனமான பீரோவை நகர்த்துவதுபோல் ஓர் அதிர்வு ஏறி ஏறி இறங்கியது, மழை வாடையை அமுக்கிக்கொண்டு பச்சைத் தழையும் சாணமும் கலந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே மூச்சு. நீண்ட மூச்சு. கம்பி வளைந்தது.

குட்டியைத் தேடி வந்திருக்கிறது. கொடுத்துவிட்டால் போய்விடும். அவ்வளவுதான்.

தாடையைத் தூக்கினாள். "பாப்பாவைக் குடுக்காதம்மா!" குழந்தை வீறிட்டது. "வாயை மூடுடி, என் செல்லம்ல!" பின்கதவைத் திறந்து, ஈரப் படியில் தாடையை வைத்தாள்.

"உன் பிள்ளைதான் தாயே. எடுத்துக்கிட்டுப் போயிடு. எங்களை விட்டுடு."

கதவைச் சாத்தி, கண்ணை மூடிச் சாய்ந்து நின்றாள். அதிர்வு நின்றது. அப்பாடா.

குழந்தையின் அழுகையும் நின்றிருந்தது.

ஓடினாள். கட்டில் நிறையப் பச்சைக் கிளைகள். மேலே ஈர மண். பதமாக, அடுக்கடுக்காக, ஓரம் தவறாமல் மூடியிருந்தது. கத்திக்கொண்டே வாரி எறிந்தாள். இலை. மண். இலை. விரலில் பல் தட்டியது.

பின்படியில் வைத்த தாடை.

பொம்மைப் போர்வை போர்த்தியிருந்தது.

முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. தெருக்கோடியில், மழைக்குள், 'பீ பீ' என்று செருப்புச் சத்தம். ஓடவில்லை. அழவில்லை. ஏதோ ஒரு பெரிய காலடிக்கு ஈடுகொடுத்து, பைய நடந்துபோய்க்கொண்டிருந்தது.