நுவரெலியாவுக்கு ஒரு சாக்குச் சட்டை

எங்கள் ஊரில் தண்ணியே நிலத்துக்குள் இருந்து சுடச்சுட வரும். நம்பாவிட்டால் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிப் பாருங்கள். சித்திரை வந்தால் வகுப்பறைக் கூரை கொதிக்கும், சட்டை முதுகோடு ஒட்டும். இப்படிப்பட்ட திருகோணமலையில் இருந்துகொண்டு, "சுவெற்றர் இல்லாத பிள்ளையள் நுவரெலியாவுக்கு வர ஏலாது" என்று ஒருவர் சொன்னால் கோபம் வருமா, வராதா?

எனக்கு வந்தது. என் பெயர் இன்பமலர். எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாகத்தான் வரும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தமுறை நியாயம் முழுக்க என் பக்கம்.

சொன்னவர் எங்கள் வகுப்பாசிரியர் கனகசுந்தரம் சேர். அவர் பொல்லாதவர் இல்லை. சண்டை நின்று, சமாதான ஒப்பந்தம் என்று றோட்டெல்லாம் திறந்துவிட்ட ஆண்டு அது. அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்ற பேச்சையே நாங்கள் கேட்டதில்லை. சேர்தான் அதிபரிடம் நடையாய் நடந்து, "ஏழாம் ஆண்டுப் பிள்ளையளை ஒருக்கா மலையைக் காட்டிக்கொண்டு வாறன்" என்று அனுமதி வாங்கினார். அன்று நாங்கள் மேசையைத் தட்டிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு ரீச்சர் ஓடி வந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பாடம் ஏறவில்லை. பஸ் எங்கே நிற்க வேண்டும், பாண் எங்கே சாப்பிட வேண்டும், ஜன்னல் பக்கம் ஆர் இருக்க வேண்டும் என்று ஒரே கதை. இதற்கெல்லாம் தலைவி என் சினேகிதி புஸ்பராணி. சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தில் விரலை வைத்து, கந்தளாய், ஹபறணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று அவள் ஊர் ஊராகப் போவாள். விரல் மலைமேல் ஏறியதும் நின்றுவிடுவாள். "அங்க வாயைத் திறந்தால் புகை வருமாம், இன்பம்," என்பாள். "எங்கட வாயிலயிருந்தே வருமாம்." அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

புஸ்பராணியின் ஊர் கிளிவெட்டி. அங்கே அவர்களுக்கு வயல் இருந்தது. சண்டை நேரம் முதலில் கோயிலுக்கு ஓடினார்கள். பிறகு உழவு மெசினில் மூதூருக்கு ஓடினார்கள். அங்கேயும் ஷெல் விழ, லோஞ்சில் கடல் கடந்து இங்கே வந்து அகதி முகாமில் இருக்கிறார்கள். நாங்கள் அதைக் காம்ப் என்போம். யோசித்துப் பாருங்கள், அவள் பிறந்ததில் இருந்து போன பயணம் எல்லாம் ஓடிய பயணம். சும்மா, சந்தோசத்துக்கு என்று ஓர் இடத்துக்கும் போனதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு முன்னால்தான் சேர் அந்தச் சுவெற்றர் சட்டத்தைச் சொன்னார். முன்பு வேறு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவர் கூட்டிப் போன பிள்ளை ஒன்றுக்குக் குளிரில் காய்ச்சல் வந்து, தாய் தகப்பன் பள்ளிக்கூட வாசலில் நின்று அவரைக் கிழித்துவிட்டார்களாம். அந்தப் பயம் அவருக்கு. சரி, பயப்படட்டும். அதற்குப் பிறகு சொன்னாரே ஒன்று, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"காம்பில இருக்கிற பிள்ளையள் கவலைப்படாதேங்கோ. வரேக்க உங்களுக்குக் கரட் வாங்கிக்கொண்டு வருவம்."

கரட்டாம். கண்டறியாத கரட். புஸ்பராணி கரட்டையா கேட்டாள்?

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சுவெற்றர் இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் ஊர்க் கடைகளில் குடை விற்கும், வலை விற்கும், சுவெற்றர் விற்காது. எனக்கு ஒன்று இருந்தது, என் ஞானத்தாய் எப்போதோ பின்னித் தந்தது. சோமசேகரத்துக்கு ஒன்று இருந்தது, அவனுடைய மாமா கனடாவில் இருந்து அனுப்பியது. பளபளவென்று மினுங்கும் நீலச் சட்டை. மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டான். நெற்றியில் வேர்வை வழிந்து கொப்பியில் சொட்டியது. கழற்றடா என்றதற்கு, குளிருக்குப் பழகுகிறானாம். அவ்வளவு கெப்பர்.

இடைவேளையில் புஸ்பராணியிடம் போய், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். தனக்கு மலை பிடிக்காது என்றும், பஸ்ஸில் போனால் தின்றதெல்லாம் சத்தியாய் வரும் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு சுவரில் தொங்கிய படத்தின் பக்கமே அவள் போகவில்லை.

அன்று பின்னேரம் என் சுவெற்றரைப் பையில் சுருட்டிக்கொண்டு காம்புக்குப் போனேன். இதை நீ போட்டுக்கொண்டு போ, நான் வரவில்லை என்று அவள் மடியில் வைத்தேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எனக்கு. அவள் அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் நினைத்தேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. புஸ்பராணிக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"உன்ர சுவெற்றரைப் போட்டுக்கொண்டு நான் அங்க புகை விட, நீ இஞ்ச இருந்து வேர்க்கிறதோ? நான் என்ன பிச்சையே கேட்டனான்? கொண்டுபோ."

எனக்கும் விசர் வந்தது. நல்லது செய்ய வந்தால் இப்படியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் போய்க் குந்தினேன். அவள் உள்ளே குந்தினாள்.

அவர்களுடைய கொட்டிலின் வாசலில், வெயில் அடிக்காமல் இருக்க ஒரு சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். காம்பில் எல்லா வீட்டிலும் அந்தப் போர்வை இருக்கும். நிவாரணம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று கொடுத்தது. தடித்த கம்பளி, நடுவில் நீல முத்திரை. இந்த வெக்கையில் கம்பளி கொடுத்த புத்திசாலி ஆர் என்று காம்பில் எல்லாருக்கும் பகிடி. சிலர் அதில் ஆட்டைப் படுக்க வைத்தார்கள், சிலர் கால் துடைத்தார்கள்.

நான் அதில் சாய்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகு சுணைத்தது. பிறகு சட்டை நனைந்து, வேர்வை கழுத்தால் ஓடியது. எரிச்சலோடு, "என்ன கண்டறியாத போர்வை, வேர்த்துக் கொட்டுது," என்றேன்.

சொன்னதும் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தடிப்பைப் பார்த்தேன். பிறகு மெல்லத் திரும்பி உள்ளே பார்த்தேன்.

"புஸ்பராணி," என்றேன். "இது வேர்க்குதடி."

அவள் போர்வையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழும்பி வந்து அதை இழுத்துக் கழற்றினாள்.

அவளுடைய அம்மா முதலில் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய ஊசியைக் கொண்டு வந்தார், நெல் மூட்டையின் வாயைத் தைக்கிற சாக்கு ஊசி. ஊரை விட்டு ஓடி வரும்போது உடுப்பு மூட்டையைத் தைத்துவிட்டு அதிலேயே குத்தி வைத்ததால் கூட வந்த ஊசி அது. நூலுக்கு நான் ஓடினேன். எங்கள் வளவில் வலை பொத்துகிறவர்களிடம் கேட்டேன். எதுக்கு என்று கேட்டார்கள். நுவரெலியாவுக்கு என்றேன். விசர்ப் பெட்டை என்று சொல்லிக்கொண்டே ஒரு பந்து நூல் தந்தார்கள்.

போர்வையை இரண்டாக மடித்து, கழுத்துக்கு ஓர் ஓட்டை வெட்டினோம். இரண்டு பக்கமும் புஸ்பராணி தைத்தாள். என்ன வேகம், என்ன இறுக்கம். வயல்காரப் பிள்ளை அல்லவா, எத்தனை மூட்டை தைத்திருப்பாள். முடித்ததும் என் தலைக்குள்ளால் போட்டுவிட்டாள். நான் கையை நீட்டப் பார்த்தேன். நீட்ட முடியவில்லை.

நெல் மூட்டைக்குக் கை ஏது? அந்தப் பழக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் ஓட்டை விடாமல் தைத்துவிட்டாள். என் தலை மட்டும் வெளியே. புஸ்பராணியின் அம்மா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் கோபத்தில் இருந்ததை அதற்குப் பிறகு மறந்துபோனோம். வலைநூல் முடிச்சை அவிழ்க்க முடியாததால் அந்தச் சாக்கை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த போர்வையில் கைக்கு இடம் விட்டுத் தைத்தோம்.

காம்பில் கதை பரவியது. சிலர் போர்வை தந்தார்கள், ஒருவர் ஆட்டை எழுப்பிவிட்டுத் தந்தார். நாங்கள் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் காயவைத்தோம். வகுப்பில் சுவெற்றர் இல்லாத எல்லாரும் வந்து ஆளுக்கொரு பக்கம் தைத்தார்கள். நானும் எனக்கு ஒன்று தைத்தேன். சுவெற்றரை வீட்டில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனோம். சோமசேகரம், "சாக்கு மூட்டையள் வருது," என்றான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. நான் சேரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. புஸ்பராணியின் முதுகில் இருந்த நீல முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். அங்கே எத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள், பார்க்கிற சனம் என்ன சொல்லும் என்று கேட்டார். என் காது சூடாகிவிட்டது. நான் வாயைத் திறக்க முன்னர் புஸ்பராணி பேசினாள்.

"முத்திரை இருந்தால் இருக்கட்டும் சேர். இது எங்களுக்குத் தந்தது. நாங்கள் களவெடுக்கேல்லை."

சேர் தடுமாறிப் போனார். அதற்கில்லை, இது குளிர் தாங்குமோ என்றுதான் யோசிக்கிறேன் என்றார். அதைக் கேட்கத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"தாங்குமோ எண்டு பாப்பம் சேர். பள்ளிக்கூடம் விட வாங்கோ."

என் அப்பா நிக்கலஸ் வேலை செய்வது மீன் துறைமுகத்தடி ஐஸ் தொழிற்சாலையில். மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கிற அறை ஒன்று அங்கே உண்டு. திருகோணமலையில் குளிர் இருக்கிற ஒரே இடம் அதுதான். முதல்நாளே நான் அப்பாவைக் கெஞ்சி, அவருடைய முதலாளியையும் கெஞ்சி, நெடுநேரம் நிற்கக்கூடாது என்ற பேச்சோடு சம்மதம் வாங்கியிருந்தேன்.

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேர் பக்கத்தில் நின்றார். புஸ்பராணியும் நானும் உள்ளே போனோம். சோமசேகரமும் விடுவானா, கனடாச் சட்டையின் பெருமையைக் காட்ட அவனும் வந்தான்.

கம்பளிக்குள் உடம்பு சுகமாக இருந்தது. மூக்கு மட்டும் விறைத்தது. சோமசேகரம் முதலில் எடுப்பாக நின்றான். பிறகு கையைக் கட்டினான். பிறகு அவனுடைய பல் கிட்டியது. அந்த மினுங்கல் சட்டை மழைக்குப் போடுகிற மெல்லிய சட்டையாம், பாவம் அவனுக்கும் தெரியாது. குளிர் தெரியாத ஊரில் பிறந்தவனுக்கு எது குளிர்ச்சட்டை என்று எப்படித் தெரியும்? வெளியே ஓடிவிட்டான்.

நாங்கள் நின்றோம். அப்பாதான் போதும் வாருங்கள் என்று கூப்பிட்டார். வெளியே வந்ததும் புஸ்பராணி, "இஞ்சதான் சேர் தாங்க ஏலாது," என்று சட்டையைக் கழற்றினாள்.

சேர் அந்தச் சட்டையை வாங்கி, தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு, தான் கரட் பற்றிச் சொன்னது பிழை என்றார். சொல்லிவிட்டு, "எல்லாரும் வாறியள்," என்றார். சோமசேகரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தனக்கும் ஒரு சாக்குச் சட்டை கிடைக்குமா என்று கேட்டான். தைத்துக் கொடுத்தோம். நூல் கோத்தவன் அவன்.

ஆவணி விடுமுறையில் போனோம். பாணையும் சம்பலையும் கை இல்லாத அந்த முதல் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டோம். புஸ்பராணி ஜன்னல் பக்கம் இருந்து ஒவ்வோர் ஊரின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சத்தி வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

நுவரெலியாவில் குளத்தடியில் இறங்கியபோது மலையில் இருந்து வெள்ளைப் பனிப்புகார் இறங்கி, குளிர்காற்று அடித்தது. புஸ்பராணி எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, "ஹா" என்றாள். புகை வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி விட்டாள், மறுபடியும் விட்டாள். நாங்கள் எல்லாரும் நீல முத்திரை குத்திய முதுகோடு வரிசையாய் நின்று புகை விட்டோம். பார்த்த சனம் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட வந்து நின்று தாங்களும் விட்டார்கள்.

ஆனால் சேரைக் காணவில்லை. தேடினால், பஸ்ஸின் மறைவில் மெல்லிய பழைய சுவெற்றர் ஒன்றோடு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு நின்றார். எங்கள் எல்லாருடைய குளிரையும் யோசித்தவர் தன்னுடையதை யோசிக்கவில்லை. புஸ்பராணி ஓடிப்போய், பாணை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கையில்லாத சாக்கை உதறி, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தலைக்குள்ளால் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சேரின் நடுக்கம் நின்றது. கை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. தேத்தண்ணிக் கோப்பையைப் புஸ்பராணிதான் அவருடைய வாயருகில் பிடித்தாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு, அவரும் ஒரு பெரிய புகை விட்டார்.

"பிள்ளை," என்றார், "அடுத்தமுறை வரேக்க எனக்கும் ஒண்டு தைச்சுத் தருவியோ?"

"ஓம் சேர்," என்றாள் புஸ்பராணி. "கை வைச்சோ, வைக்காமலோ?"