இடது பக்கத்துப் பெடல்

மத்தியானம் மூன்று மணிக்கு, கொட்டுகிற மழையில், அந்தப் பழைய வெள்ளைக் கார் பட்டறைக்குள் ஊர்ந்து வந்தது. எஞ்சின் கத்திய கத்தலுக்கு அது பறந்திருக்க வேண்டும். வந்ததோ நடைவேகத்தில். கதவு திறப்பதற்குள் கருகல் வாடை மூக்கில் ஏறிவிட்டது.

"போச்சா?" என்றான் மெக்கானிக்.

"போச்சுடா" என்று இறங்கினாள் அவன் அக்கா.

பட்டறையில் அவனுக்குக் 'காது' என்று பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனை ஐந்து மாதமாக முட்டாளாக்கிக்கொண்டிருந்தது இந்த ஒரு கார். இரண்டு கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று. இது மூன்றாவது.

"அக்கா, கோவிச்சுக்காத. கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டறியா?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? கியர் மாத்தினதும் காலை எடுத்துக் கீழ வச்சிடறேன். சத்தியமா."

இதே கேள்வியை இதற்கு முன் ஆயிரம் பேரிடம் கேட்டவர் அவள் புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கூல் கார் என்பதால் இடது சீட்டின் முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இரண்டு பக்கத்துப் பெடல்களையும் அடியில் ஒரு கம்பி இணைத்திருக்கும். ஒன்றை மிதித்தால் மற்றதும் தாழும். வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களைத் திட்டுகிற மனுஷன் தன் காலைக் கிளட்சிலிருந்து எடுக்கவே மாட்டார். கற்றுக்கொள்ள வந்த யாரையும் முழுசாக ஓட்டவிட்டதில்லை. அதிலேயே முழங்கால் போய், எந்நேரமும் தைல வாடையோடு திரிந்தார்.

ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. "உனக்கு எதுக்கு? போற இடத்துக்கு நான் கொண்டுபோய் விடறேன்" என்பார். பதினெட்டு வருஷம் இதே பாட்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த இடது சீட்டிலேயே மாரடைப்பில் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்சில் அழுந்தியிருந்த காலை இரண்டு பேர் சேர்ந்துதான் எடுத்தார்கள். அந்த இருவரில் ஒருவன் மெக்கானிக்.

அதன் பிறகு அக்கா வேறு இடத்தில் போய்க் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை இந்தக் கார் மேட்டில் ஏறாமல் பின்னால் உருண்டது. நாளைக் காலை மூன்றாவது முறை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளைக் காரில் எடுத்துப்போகும் வேலை திங்கட்கிழமை வரைக்கும் அவளுக்காகக் காலியாக இருக்கும். அதற்கு மேல் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

"நாளைக்கும் தோத்தா, ஆயுசுக்கும் யாராவது கொண்டுபோய் விடணும்னு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றாள். உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆரம்பிடா" என்று அதட்டினாள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டுப் பார்த்தான். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி அணைந்திருக்கும். இது பாட்டுக்கு ஓடியது. பிளேட் பிடிக்கவில்லை, வழுக்குகிறது.

எஞ்சினை அணைத்து, காரைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கினான். பிளேட் தேய்ந்து கருகியிருந்தது. அதை அழுத்திப் பிடிக்கிற இரும்பு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. சந்தேகமே இல்லை. பெடலில் யாரோ விடாமல் கால் வைத்திருக்கிறார்கள்.

புதுசு எல்லாம் மாட்டி முடிக்க ஆறு மணி ஆகிவிட்டது. மழை விடவில்லை. கிளட்ச் பெடலிலிருந்து வரும் கேபிளை முறுக்கிச் சரிசெய்வது மட்டும் பாக்கி. காருக்கடியில் மல்லாந்து, கையில் ஸ்பேனரோடு கிடந்தான். மேலே தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது.

கேபிள் அசைந்தது.

அது இழுக்கிற இரும்பு நெம்புகோல் மெல்ல, ரொம்ப மெல்ல நகர்ந்து, பாதியில் நின்றது. அப்படியே நின்றது.

"அக்கா, பெடலை விடு."

"எந்தப் பெடலை?"

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. தலையைத் திருப்பினான். பட்டறை வாசலில், மழை ஓரத்தில், அவள் செருப்பு தெரிந்தது. செருப்புக்குள் இரண்டு காலும் இருந்தன.

காருக்கடியில் தைல வாடை அடித்தது.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தான். இடது சீட் காலி. அதன் முன்னால் கிளட்ச் பெடல் பாதி அழுந்தி நின்றது. கதவைத் திறந்து அதை உலுக்கினான். மேலே வர மறுத்தது.

மண்டியிட்டு, அந்த இணைப்புக் கம்பியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டான். பெடல் இன்னும் ஒரு விரற்கடை கீழே போனது. கம்பி விறைத்தது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. திரும்பவும் போட்டான். திரும்பவும் கிழிந்தது.

"அக்கா, வேணாம். இந்தக் கார் வேணாம். வித்துடலாம்."

அவள் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பயம்தான். ஆனாலும் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். தன் பக்கத்துக் கிளட்ச் பெடலுக்கு அடியில் பாதத்தை நுழைத்து, மேல்நோக்கி நெம்பினாள்.

"காலை எடுங்க" என்றாள் மெதுவாக.

பெடல் அசையவில்லை.

"பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காம பக்கத்துல உக்காந்து வந்தேன். தெரியாமலா வந்தேன்? எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். போதும். காலை எடுங்க!"

காருக்குள் யாரோ மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. காது பொய் சொல்லாது.

அவள் பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பெடல் ஒரு நூல் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"இப்போ கழட்டுடா! பாத்துக்கிட்டு நிக்கிற!"

பாய்ந்தான். போல்ட் திரும்பியது. கம்பி டங்கென்று தரையில் விழுந்தது. இடது பக்கத்துப் பெடல்கள் இரண்டையும் அடியோடு பிடுங்கி மழையில் வீசினான்.

மறுநாள் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது, கார் ஒரு அங்குலம்கூடப் பின்வாங்கவில்லையாம். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து, வெயில் அடிக்கிற ஒரு காலையில் காரைக் காட்ட வந்தாள். மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டான். எஞ்சின் திணறி உடனே அணைந்தது. பிளேட் கல்லு மாதிரி இருக்கிறது. சிரித்துக்கொண்டே இடது பக்கக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

பெடல் இருந்த இடத்துக்கு நேர் கீழே, தரையில் போன வாரம் விரித்த புதுக் கால்மிதி, ஒரு குதிகால் அளவுக்கு நார் நாராகக் கிழிந்திருந்தது. எதையோ தேடித் தேடித் துழாவின மாதிரி.

"அக்கா..."

"பாத்தேன்" என்றாள் அவள், சாவியைத் திருகியபடி. "வரட்டும், விடு. நான் போற இடத்துக்கு உக்காந்து வரட்டும். கால் வைக்கத்தான் ஒண்ணும் கிடையாது."

முதல் கியர் சுத்தமாக விழுந்தது. தெருமுனையில் கார் திரும்புகிற வரை மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தான். காருக்குள் அவள் ஒருத்திதான். கார் மட்டும், இடது பக்கம் ஓர் ஆள் கனத்துக்குத் தாழ்ந்தே போனது.