இருமடங்குக் கொடி

அன்பான வாசகர்களே, அந்திச் செவ்வொளி கொள்ளிடத்து நீரில் கரைய, கீழ்வானில் முழுநிலா தலைகாட்டும் இவ்வேளையில் வேங்கைக்கோட்டையின் ஆற்றோரக் கோபுரத்தைப் பாருங்கள். உச்சி அறையின் கதவுக்கு வெளியே இரும்புத் தாழ். சாளரத்துக்குக் கம்பி இல்லை. கீழே கிடந்த ஆழமே போதுமென்று விட்டிருந்தார்கள். உள்ளே அடைபட்டிருந்த தேனாருக்குச் சுவர்கள் நெருங்கி வருவதாகவே தோன்றியது. சில நாள் முன்பு இளவரசியின் பல்லக்கில் பிடிபட்ட தையற்காரி அவள்.

காலையில் கோட்டைத் தலைவன் மழவராயன் சொல்லிவிட்டான்: "இளவரசி நீலமங்கை ஒளிந்திருக்கும் இடத்தை விடிவதற்குள் சொல். இல்லையேல் உன் தலை உனக்கில்லை. அதுவரை சும்மா இராதே. என் செம்பட்டுக் கொடியை இருமடங்காகத் தைத்துக் கொடு."

"நான்கு கொடிக்கான பட்டு வேண்டும், பிரபு."

"இருமடங்குக்கு நான்கா? எந்த நாட்டுத் தையற்காரியும் துணி திருடாமல் இருக்கமாட்டாள் போலிருக்கிறது."

தேனார் தரையில் பதித்த சதுரக்கல் ஒன்றைத் தொட்டாள். "இது பழைய கொடி. நீளத்தை மட்டும் இருமடங்காக்கினால் இரண்டு கல். அது கொடியல்ல, தலைப்பாகை. அகலத்தையும் இருமடங்காக்கினால் நான்கு கல்."

மழவராயன் சிரித்தான். பட்டு வந்தது.

ஆனால் வந்த நான்கு கொடியளவுச் சதுரங்களில் இரண்டையே அவள் மூலைக்கு மூலை வெட்டினாள். கிடைத்த நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளை நடுவில் கூட்டித் தைத்தாள். அதுவும் சதுரம்தான், பக்கம் பழையதைப்போல் ஒன்றரைப் பங்குகூட இல்லை, பரப்போ சரியாக இருமடங்கு. மீதிப் பட்டு கயிறாக முறுக்கப்பட்டுப் பாயின் அடியில் கிடந்தது.

தாழ் விலகியது. மழவராயன் மடித்த கொடியைக் கையில் வாங்கினான். "கனமே இல்லையே."

"பட்டு, பிரபு. கம்பளி அல்ல."

"இருமடங்குதானே?"

"இழைகூடக் குறையாது."

அவன் போனான். மறுபடி தாழ் விழுந்தது. தேனார் கயிற்றைச் சாளரத்தின் நடுத்தூணில் கட்டி இறங்கத் தொடங்கினாள். அந்திதோறும் கோட்டையடியில் வலைவீசிய மீனவன் தன் நாட்டுப் படைத்தலைவன் சேந்தன் என்பதை அவள் மேலிருந்தே கண்டுகொண்டிருந்தாள்.

பாதி வழியில் எதிர்க் கோபுரத்து ஆரவாரம் சட்டென்று அடங்கியது. ஏறிய கொடியின் பின்னால் நிலா நின்றது. நான்கு கற்களின் இடுக்குபோல் நேராக ஓடவேண்டிய தையல் மூலைக்கு மூலை ஓடியது. மழவராயனுக்குப் புரிந்துவிட்டது. படிகளில் காலடிகள் தடதடத்தன. தேனார் பிடியை விட்டு, கீழே காத்திருந்த சேந்தனின் படகில் குதித்தாள்.

"தையல் கோணல்," என்றான் சேந்தன், துடுப்பை வலித்தபடி.

"உமது மணநாள் உடையையும் நான்தான் தைப்பேன். வாயை அடக்கும்."

சாளரத்தில் மழவராயனின் முகம் தெரிந்தது. "நில்லடி, தையற்காரி. எங்கே உன் இளவரசி?"

அவள் படகில் நிமிர்ந்து நின்றாள்.

"இருமடங்கு கேட்டீர், கொடுத்தேன். மீதிப் பட்டில் இந்த நீலமங்கை இறங்கி வந்துவிட்டாள்."