அப்பாவின் வாட்ச் இணைப்பில் உள்ளது

‘வேறொரு வாட்ச் இணைப்பில் உள்ளது’ என்று போன் ஏழாவது தடவையாகச் சொன்னபோது, கலாராணிக்கு அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. எந்த வாட்ச்? இந்த வீட்டில் இருப்பதே ஒன்றுதான். கட்டாரில் வேலை செய்யும் தம்பி தினேஸ், ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பிய புது வாட்ச். அது கட்டிலில் படுத்திருந்த அம்மா ரெங்கம்மாவின் மெலிந்த கையில், அடிப்பக்கத்துப் பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரிய, சும்மா கிடந்தது.

“இன்னும் சரிவரலயாடி?” என்றாள் அம்மா.

“வரும். நீ கைய ஆட்டாம படு.”

இன்றைக்குள் வந்தே ஆக வேண்டும். நாளைக் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குக் கலாராணி போய் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவதாகக் கங்காணி சொல்லியனுப்பிவிட்டார். அவள் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம், நெஞ்சு வருத்தக்காரியான அம்மா லயத்து வரிசை வீட்டில் தனியாகக் கிடப்பாள். நாடி இறங்கினால் வாட்ச் கண்டுபிடித்துப் போனுக்குச் சொல்லும். போனைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாக ஒரு சுவர் தாண்டி அடுத்த காம்பராவில் கைக்குழந்தையோடு இருக்கும் சந்திரகாந்தி ஒத்துக்கொண்டிருந்தாள். ஏற்பாடெல்லாம் பக்காதான். இந்த இரண்டு சனியன்களும் ஒன்றோடொன்று பேசினால் போதும்.

பேசவில்லை. காலையிலிருந்து அவளும் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். போனை அணைத்துப் போட்டாள், ப்ளூடூத்தை அணைத்துப் போட்டாள், வாட்சை அணைத்துப் போட்டாள், தினேஸைத் திட்டினாள், சாமியையும் ஒரு வார்த்தை திட்டினாள். எட்டாவது தடவை, யோசிக்காமல் எதையோ அழுத்தியதில், இணைந்திருக்கும் வாட்சுகளின் பட்டியல் திறந்தது.

ஒரே ஒரு பெயர். ‘அப்பா.’ இணைப்பில் உள்ளது. பெட்டரி நூறு வீதம்.

கலாராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இராமையா செத்து இன்றோடு முப்பது நாள். தோட்டத்தில் ஒருவரைப் புதைக்கும்போது அவருக்குப் பிரியமான சாமானைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்புவார்கள். அப்பாவுக்கு வெற்றிலைப் பை, கம்பளி, ஊன்றுகோல். அவர் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி வைத்தால் யாருக்காவது உதவுமே என்று சிலர் சொன்னார்கள்தான். விடாப்பிடியாக, கையிலேயே இருக்கட்டும் என்று சொன்னது கலாராணி. பாசத்தால் சொன்னாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அதுவல்ல. அந்த வாட்ச் இனித் தன் கண்ணில் படவே கூடாது என்றுதான் சொன்னாள்.

அதில் போனைத் தேடும் பட்டன் ஒன்று இருந்தது. அமுக்கினால் போன் லயமே அதிர அலறும். அப்பா அதைக் கூப்பிடு மணியாக்கிக்கொண்டார். தேத்தண்ணி வேண்டுமென்றால் அமுக்குவார், வெற்றிலை வேண்டுமென்றால் அமுக்குவார், ஒன்றும் வேண்டாமென்றாலும் அமுக்குவார். அன்றைக்கு, லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழும் பீலியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஈரக்கையோடு ஓடினால், ரேடியோவைத் திருப்பி வைக்கச் சொன்னார். திரும்பி வந்தாள், மறுபடி அடித்தது. ஆறாவது தடவையில் அவள் பொறுமை போய்விட்டது. ப்ளூடூத்தை அணைத்துவிட்டு நிம்மதியாகத் துவைத்தாள். கிளினிக்குக்குப் போயிருந்த அம்மா வருவதற்குள் வீட்டுக்குள் போனபோது, அப்பாவின் கட்டை விரல் அந்தப் பட்டனின் மேலேயே விறைத்துப் போயிருந்தது. விரலை அவள்தான் எடுத்துவிட்டாள். இது வேறு ஒருவருக்கும் தெரியாது.

பட்டியலில் இருந்த பெயரை அழித்தாள். போனது. மூச்சை விடுவதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்தது. அழித்தாள். வந்தது.

“அம்மா, மத்தியானம் படையல்ல வச்சியே சார்ஜர் வயரு, அது எங்க?”

“எலையிலதான் வச்சேன். ஏன்?”

அதற்கும் அவள் மத்தியானம் கத்தியிருந்தாள். முப்பதாம் நாள் படையல் என்றால் சோறு, கறி, சுருட்டு, கால் போத்தல் சாராயம் என்று செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, வந்து சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டு, கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். அம்மாவோ பழைய வாட்சின் சார்ஜரையும் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தாள். ‘பின்ன அவரு எதுல சார்ஜு போடுவாரு?’ என்று கேட்டாள். கதவைச் சாத்துமுன் அழுதுகொண்டே வேறொன்றும் சொன்னாள். ‘ஒங்களுக்கு வேணுங்கிறத எடுத்துக்கிட்டுப் போங்க.’

இலை அப்படியே இருந்தது. சோறு இருந்தது, கறி இருந்தது. வயரைக் காணவில்லை. எலி இழுத்திருக்கும் என்று கலாராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனோடு பீலிப் பக்கம் போனாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

மணி நாலரைதான். ஆனால் பனி இறங்கி மலையை மூடியிருந்தது. மேலே சவுக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கும் இடுகாடு, அதிலிருந்து தேயிலைக்கூடாக இறங்கும் ஒற்றையடிப் பாதை, எதுவும் தெரியவில்லை. பீலித் தண்ணீர் கல்லில் விழும் சத்தமும், எங்கோ ஈரத்தில் ஒரு நாய் குரைக்காமல் முனகிக்கொண்டே இருக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. பதுளையில் போன் கடை வைத்திருக்கும் ஸனூஸ் நானாவுக்கு அழைத்தாள்.

“நானா, பழைய வாட்ச அழிச்சா திரும்பத் திரும்ப வருது. புதுச ஏத்துக்க மாட்டேங்குது.”

“அப்பிடின்டா அந்தப் பழசு கிட்ட எங்கயோ இரிக்கி, தங்கச்சி. முப்பது அடிக்குள்ள. செவரு இருந்தா அதுவும் இல்ல. தூரத்துல கெடந்தா பிடிக்காது.”

“அது இருக்கிற எடம் எனக்குத் தெரியும் நானா. அரை மைல் இருக்கும்.”

“சான்ஸே இல்ல. யாரோ கிட்டத்துல வச்சிரிக்கிறாங்க. ஒங்க போன்ல இரிக்கிற வாட்ச் எப்ல, வாட்சத் தேடுற பட்டன் இரிக்கே, அத அமுக்குங்க. கத்தும். எடுத்து ஓஃப் பண்ணிட்டு…”

லைன் அறுந்தது. ஆனால் கலாராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரோ கிட்டத்தில் வைத்திருக்கிறார்கள்! அதானே! பெட்டிக்கு ஆணி அடித்தவன் கடைசிக் காம்பரா விஜேந்திரன். பிணத்தின் கையில் கழற்றியிருக்கிறான், களவாணிப் பயல். பயமாக இருந்ததெல்லாம் ஒரு நொடியில் ஆத்திரமாக மாறியது. ஆத்திரம் எவ்வளவோ சுகமாக இருந்தது. அவள் பட்டனை அமுக்கினாள்.

பனிக்குள்ளிருந்து மெலிதாக, கோழிக்குஞ்சு கத்துவதைப் போல் ஒரு சத்தம். கீக். கீக். கீக்.

லயத்தின் முன்பக்கம் சுற்றி வந்து, காம்பரா காம்பராவாகக் காது கொடுத்துக்கொண்டு விஜேந்திரனின் கதவு வரை நடந்தாள். பூட்டியிருந்தது. அங்கே சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள். சத்தம் பின்னாலிருந்து, அவள் நடந்து வந்த பக்கத்திலிருந்து கேட்டது. திரும்பி நடந்தாள். ஒவ்வொரு கதவையும் தாண்டத் தாண்ட அது பெருத்தது. சந்திரகாந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“என்னாக்கா தேடுறீங்க?”

“இந்தச் சத்தம் எங்க அடிக்குது?”

“ஒங்க காம்பராவுலதான். மத்தியானம் படையல் போட்டுக் கதவ மூடினீங்கள்ல, அப்பவும் செவத்துக்கு அந்தப் பக்கம் விட்டு விட்டு அடிச்சிச்சு. புது வாட்சுன்னு நெனச்சேன்.”

மத்தியானம் கலாராணி எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை.

கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டிக் கிடந்தது. கரண்ட் போயிருந்தது. ஊதுபத்தியும் சுருட்டும் மணத்த இடத்தில் இப்போது வேறொரு வாசனை. குழி வெட்டும்போது எழும்புகிற, பச்சையான, ஈர மண் வாசனை. சிமெந்துத் தரையில் வெறுங்காலுக்கு ஏதோ பிசுபிசுத்தது.

“அம்மா.”

அம்மா போர்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

கீக். கீக். போர்வைக்குள்ளிருந்து.

அம்மாதான்! பெட்டி மூடுமுன் அம்மாவே கழற்றி ஒளித்து வைத்திருக்கிறாள், புருஷன் ஞாபகமாக. வயரையும் அவளே எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறாள். கலாராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதற்காகவா ஒரு நாள் முழுக்கச் செத்தோம்!

“ஏம்மா, இதச் சொல்லித் தொலைச்சா என்ன?”

போர்வை அசையவில்லை.

கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. காலையிலிருந்து அவள் தவம் கிடந்த வார்த்தை திரையில் வந்திருந்தது. ‘புதிய வாட்ச் இணைந்தது.’ கீழே இரண்டு பெயர்கள்.

அப்பா. நாடி எழுபத்திரண்டு.

அம்மா. நாடி இல்லை.

போர்வையின் அடியில் இரண்டு பச்சை வெளிச்சங்கள் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன.

போர்வையின் ஓரத்தைப் பிடித்தாள். இழுத்தாள்.

அம்மாவின் கை. அதில் புது வாட்ச். அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை. முழங்கை வரை செம்மண். நகத்துக்குள் செம்மண். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இருட்டிலிருந்து அது நீண்டிருந்தது.

அது அம்மாவின் கையை விடவில்லை. மற்றக் கையும் இருட்டிலிருந்து மெதுவாக வந்தது. அதன் கட்டை விரல், முதல் கையின் மணிக்கட்டில் கிடந்த பழைய வாட்சைத் தடவியது. பட்டனைத் தேடியது. கண்டுபிடித்தது. அமுக்கியது.

கலாராணியின் கையில் போன் அலறியது.

அவள் ப்ளூடூத்தை அணைத்தாள்.

மணி நிற்கவில்லை. அந்த விரல், அன்றைக்குப் போலவே, அமுக்கியபடியே இருந்தது.