பிரேக் கால்

"காலை ஆட்டாதீங்கண்ணா."

ஹெட்போனில் ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் குரல். அவர் ஆட்டவே இல்லை.

தலை வெளியே, இடுப்புக்குக் கீழே எல்லாம் குழாய்க்குள்ளே. வலது முட்டியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு, மேலே இறுக்கிய பட்டை. ஸ்பிரிட் வாடையும் எலும்பைக் குடையும் ஏசி குளிருமாக இருந்த அந்த அறையில், தகரக் கூரைமேல் ஜல்லி கொட்டுவதுபோல் இயந்திரம் தடதடத்து, நின்று, மறுபடி உள்ளுக்குள் டொக் டொக்கென்று முனகியது. அவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். அறுந்த தசைநாருக்குப் பதிலாக வைத்தது நன்றாக ஒட்டிவிட்டதென்று இந்தப் படம் சொன்னால், திங்கட்கிழமையே ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். மகளும் அதே பஸ்ஸில்தான், அவருக்கு நேர் பின் சீட்டில் வருவாள்.

வைத்தது செத்துப்போன யாரோ ஒருவருடைய நார். "ஓட்டத் தெரிஞ்ச ஆளுதானே டாக்டர்?" என்று ஆபரேஷன் அன்றைக்குக் கிண்டலடித்திருந்தார். டாக்டரும் சிரித்தார்.

"அண்ணா, மறுபடியும் ஆட்டுறீங்க. படம் கலங்குது."

"நான் ஆட்டலம்மா. அதுவா ஆடுது."

"பயத்துல அப்படித்தான் தோணும். மூச்சை மெதுவா விடுங்க."

தோன்றவில்லை. உள்ளே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், பாதம் கீழே அமுங்கியது. நிதானமாக. ஆசையாக. பிரேக்கை யாரும் இப்படி மிதிக்க மாட்டார்கள். இது ஆக்சிலேட்டர்.

தூக்கப் பார்த்தார். வரவில்லை. அவசரமென்றால் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"அவ்வளவுதாண்ணா, முடிஞ்சிடுச்சு. இப்ப ஆடாம நல்லாவே வச்சிருந்தீங்க."

படுக்கை வெளியே நகர்ந்தது. கதவருகே மனைவி, முகமெல்லாம் பல்லாக.

"டாக்டர் வெளியே கம்ப்யூட்டர்லயே படத்தைப் பார்த்துட்டாரு. அருமையா ஒட்டிக்கிச்சாம்! அப்பாடா, வீட்டுல உக்காந்து என் உசுரை வாங்கினது போதும். திங்கக்கிழமை வந்துடுவாருன்னு ஸ்கூலுக்குச் சொல்லிட்டேன்."

"வேணாம்னு சொல்லு." அவர் தலையைத் தூக்கினார். "இது என் கால் இல்லடி."

"பின்ன, எதிர்வீட்டுக்காரர் காலா?"

அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே பட்டையை அவிழ்த்தாள்.

பாதம் அமுங்கியது.

இடது காலைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தார். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்தார். அசையவில்லை. கால்விரல்கள் வெளுத்து, நரம்பு புடைத்து, அடியில் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் பாதம் கடைசிவரை மிதித்தது.

எடுக்கவில்லை.